ரோஜாவுக்கு இடமாற்ற உத்தரவு

ரோஜாவை வளர்த்தவர்கள் உலகத்தில் ஏராளம். ரோஜாவை நிர்வகித்தவர்கள் நாங்கள் மட்டும்தான். அரசர்கள் வளர்த்தார்கள், சீமாட்டிகள் வளர்த்தார்கள், பாதிரியார்கள்கூட வளர்த்தார்கள். பாவம், அவர்களில் ஒருவரிடமாவது செடிகளுக்கான வருகைப் பதிவேடு இருந்ததா? இல்லை. அந்தக் குறையைப் போக்கியது லிமுரு மலையூரின் கியாரே குன்று குடியிருப்போர் நலச் சங்கம். ஓர் அடர்சிவப்பு ரோஜாவைத் தீர்மானம் போட்டு, மூன்று பிரதி எடுத்து, முத்திரை குத்தி மலரவைப்பது எப்படி என்று மனித குலத்துக்குக் காட்டியது. அந்தச் சங்கத்தின் செயலாளர் கிபூச்சி ஆகிய நான், நடந்ததை நடந்தபடி இங்கே பதிவு செய்கிறேன்.

எல்லாம் சாலையில் தொடங்கியது. எங்கள் குன்றுக்குச் சாலையே இல்லை என்று சிலர் சொல்வது அவதூறு. சாலை இருக்கிறது. மழைக்காலத்தில் அது கொஞ்சம் கீழே நகர்ந்து போகும், அவ்வளவுதான். ரப்பர் பூட்ஸ் போட்டு இறங்கி, கீழே தார்ச் சாலை ஓரத்து டீக்கடையில் பூட்ஸை ஒப்படைத்துவிட்டு, துணிப்பையில் இருக்கும் நல்ல செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவோம். எங்கள் உறுப்பினர் ஒபுயா சொந்தமாக மட்டாட்டு என்னும் பயணிகள் வேன் ஓட்டுகிறவர். வேன் கீழே தூங்கும், அவர் மேலே தூங்குவார்.

இந்த நிலையில்தான் ‘மலைநாட்டு அழகுக் குடியிருப்பு அறக்கட்டளை’ ஒரு போட்டியை அறிவித்தது. எந்தக் குடியிருப்பின் வீட்டுத் தோட்டங்களில் அடர்சிவப்பு ரோஜா சிறப்பாக வளர்கிறதோ, அந்தக் குடியிருப்புக்கு இருநூறு மீட்டர் தார்ச் சாலை பரிசு. சாலை எங்கே வேண்டும் என்பது சங்கத்தின் விருப்பம்.

தலைவர் முவானிகி உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். அவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். அளந்த பிறகும் பாதிதான் நம்புவார்.

“முதல்ல ஒண்ணு முடிவு பண்ணணும். அடர்சிவப்புன்னா என்ன?” என்று கேட்டார்.

“சிவப்பு சேர்மன். கொஞ்சம் அடர்த்தியா” என்றார் ஒபுயா.

“இப்படிப் பேசிப் பேசித்தான் நாடு கெட்டுது. கொஞ்சம்னா எவ்வளவு? கிலோவா, லிட்டரா?”

தலைவர் மெதுவாக எழுந்து, தம் கழுத்திலிருந்த டையை அவிழ்த்து மேசையில் வைத்தார். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கருஞ்சிவப்பு டை. “இதுதான் அளவு. இதைவிடக் கொறஞ்சாலும் தப்பு, கூடினாலும் தப்பு.” டை ஒருமனதாக நிறைவேறியது. அன்றிலிருந்து தலைவர் வெறுங்கழுத்தோடுதான் கூட்டத்துக்கு வந்தார். டை ஒரு கண்ணாடிச் சீசாவில் தலைமை தாங்கியது.

அப்போது கடைசி வரிசையில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஞாகுதீ அம்மையார் வாய் திறந்தார். அவரை எல்லோரும் வாஞ்ஜா அம்மா என்றுதான் கூப்பிடுவோம். வாஞ்ஜா அவருடைய ஒரே மகள்.

“நெறம் டையில இல்ல சேர்மன், வெயில்ல இருக்கு. கருஞ்சிவப்புக்கு மத்தியான வெயில் ஆகாது. இதழ் ஓரமெல்லாம் கருகிடும். காலைல வெயில், மதியத்துக்கு மேல நெழல். தண்ணிய வேருல ஊத்தணும், எலையில ஊத்தக் கூடாது.”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இருபத்திரண்டு வருஷம் பூப்பண்ணையில இருந்தேன்.”

“என்ன பதவியில?”

“வெட்டுவேன். கட்டுவேன்.”

“அது பதவி இல்லையேம்மா” என்றார் தலைவர், மிகுந்த கனிவுடன். நான் கூட்டக் குறிப்பில் எழுதினேன்: ‘ஓர் உறுப்பினர் வானிலை பற்றிப் பேசினார்.’

நேர்மையின் பொருட்டு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாஞ்ஜா அம்மாவிடம் ஏற்கெனவே ஓர் அடர்சிவப்பு ரோஜா இருந்தது. குன்றின் உச்சியில், கடைசி வீட்டில், கிழக்குச் சுவரை ஒட்டி. பழைய மிஷன் ஆஸ்பத்திரியை இடித்தபோது அதன் வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, சாப்பாட்டு டப்பாவில் ஈரத் துணி சுற்றிக் கொண்டுவந்து நட்டாராம். மதியத்துக்கு மேல் வெண்ணெய்ப்பழ மரம் அதற்கு நிழல் தரும். காலையில் ஒரு குவளைத் தண்ணீர், அவ்வப்போது அடுப்புச் சாம்பல், ஆட்டு எரு. மொட்டு ஏறக்குறைய கறுப்பாக இருக்கும். விரிந்தால் உள்ளே மட்டும் சிவப்பு கனலும். வாசனையோ, கிராம்பையும் பழுத்த கொய்யாவையும் ஒரே கையில் வைத்துக் கசக்கியது போல.

“பண்ணைப் பூவுக்கு வாசனையே கெடையாது கிபூச்சி” என்று ஒருமுறை சொன்னார். “விமானத்துல போற பூவாச்சே, வெயிட் கூடிடும்னு எடுத்துட்டாங்க போல. இருபத்திரண்டு வருஷம் ரோஜாவோட இருந்தும் ஒரு நாளும் மூக்குக்கு வேலை வரல. அதான் இத வச்சேன்.”

இப்படி மூக்குக்காகவெல்லாம் செடி வைப்பது தனிமனிதப் போக்கு. சங்கம் அப்படிச் செய்ய முடியாது.

சங்கம் அறுபத்திரண்டு கன்றுகளை லாரியில் இறக்கியது. முப்பத்தொரு வீட்டுக்கும் தலா இரண்டு. வீட்டுக்கு முன்னால், சாலையைப் பார்த்து, கயிறு பிடித்து, நேர்கோட்டில். ஜனவரி வெயில் முழுவதும் அவற்றின் தலையில் இறங்கியது. முதல் பூக்கள் ஓரம் கருகி, கடுதாசி போல் சுருண்டன. ‘பூக்கள் எதிர்பார்த்ததைவிட அதிக அடர்த்தியை எட்டியுள்ளன’ என்று அறிக்கை கொடுத்தேன். கை தட்டினார்கள்.

தண்ணீர் ஊற்றும் நேரம் மாலை ஐந்து. தலைவர் விசில் ஊதுவார். ஊதியதும் முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் வாளியோடு வெளியே வந்து, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது போல இலைமேல் ஊற்ற வேண்டும். மார்ச்சில் பெருமழை பிடித்துக்கொண்டது. விசில் நிற்கவில்லை. ஒபுயா ஒரு கையில் குடையும் ஒரு கையில் வாளியுமாக நின்றார்.

“சேர்மன், மழை பெய்யுதே!”

“பெய்யட்டும். அது தீர்மானம் போட்டா பெய்யுது?”

ஏப்ரலில் இலைகளெல்லாம் மாவு தூவியது போல வெளுத்தன. வாஞ்ஜா அம்மா வந்து பார்த்து, “நோய் புடிச்சிருக்கு. கெட்ட கிளைய வெட்டி எறிங்க. வெளிப்பக்கம் பாக்கற கணுவுக்கு மேல, சாய்வா வெட்டணும்” என்றார். வெட்டலாம்தான். ஆனால் கிளை வெட்டுவதற்கு நான்காம் எண் படிவம். படிவத்தைப் பரிசீலிக்கத் துணைக்குழு. துணைக்குழுவின் இரண்டு உறுப்பினர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே ‘செடிகள் முதிர்ச்சியின் நரையை அடைந்துள்ளன’ என்று பதிவு செய்தேன். மே மாத நடுவில் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது, ஐம்பத்தொன்பது செடிகள் ‘நீண்ட விடுப்பில்’ இருந்தன. மீதி மூன்றும் விண்ணப்பித்திருந்தன.

நடுவர்கள் வர இன்னும் பத்தே நாள்.

அன்று பிற்பகல், சீசாவில் டையை ஏந்திக்கொண்டு நிர்வாகக் குழு குன்றேறியது. வாஞ்ஜா அம்மா வீட்டுச் செடியில் பதினேழு பூ. தலைவர் டையை வெளியே எடுத்து ஒரு பூவின் பக்கத்தில் பிடித்தார். அந்தக் கணம் வரை கம்பீரமாக இருந்த டை, பூவின் பக்கத்தில் வெளிறிப்போய், துவைத்துக் காயப்போட்ட உள்சட்டை மாதிரித் தெரிந்தது.

தலைவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். “பூ தப்பு.”

அளவை மீறிய நிறத்துக்காக ஓர் எச்சரிக்கைக் கடிதத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். வாஞ்ஜா அம்மா அதைப் படித்துவிட்டு, எங்களுக்கு இஞ்சி தட்டிப் போட்ட டீ கொடுத்தார். கடிதத்தை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கடியில் வைத்தார். மேசையின் ஆட்டம் நின்றது. எங்கள் சங்கத்தின் கடிதம் ஒன்று பயன்பட்டதை நான் நேரில் கண்டது அன்றுதான்.

“தப்பா இருந்தாலும் நம்மகிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்” என்றார் தலைவர், டீயை உறிஞ்சியபடி. “வாஞ்ஜா அம்மா, செடிய கீழ நுழைவாயிலுக்கு இடமாற்றம் பண்றோம்.”

“எத?”

“செடிய. பொதுநலன் கருதி.”

“அது என்ன போலீஸ்காரரா, இடம் மாத்தறதுக்கு? பூத்துக் குலுங்கறப்ப தோண்டினா செத்துப்போயிடும் சேர்மன். நடுவருங்கள இங்க கூட்டிட்டு வாங்க.”

“இந்தச் சேத்துல அவங்க கார் எப்படி ஏறும்?”

“நடந்து வரட்டும். நாம நடக்கல?”

“பரிசு குடுக்கறவங்கள நடக்க வைக்கறதா?” தலைவருக்கு உண்மையிலேயே வலித்தது.

நான் இதமாகப் பேசிப் பார்த்தேன். “ரோடு வந்தா ஒபுயா வேன் உங்க வாசல் வரைக்கும் வருமே. வாஞ்ஜா வேற மாசமா இருக்கா. ஒரு அவசரம்னா யோசிச்சுப் பாருங்க.”

அவர் வீட்டில் இருக்கும் ஆறு மாத வயிற்றைப் பற்றித்தான் நான் பேசினேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“பூ வேணும்னா வெட்டித் தரேன். எத்தன வேணும்னாலும் எடுத்துக்கோ. செடி மேல கை வைக்காத” என்றார்.

‘உறுப்பினர் கொள்கையளவில் சம்மதம் தெரிவித்தார்’ என்று பதிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரத்தில் உத்தரவு நிறைவேற்றப்பட்டது. தலைவர் குடை பிடித்தார், நான் மண்வெட்டி பிடித்தேன். செடி என் நெஞ்சுயரம் இருந்தது. “பயணத்துக்குத் தோதா உயரத்தைக் கொறைச்சுக்கோ” என்றார் தலைவர். நான்காம் எண் படிவம் இல்லாமலே கிளைகளை ஒடித்தேன். அவசர அதிகாரம் என்று ஒன்று இருக்கிறது. வேர் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருந்தது. மண்வெட்டியை மிதித்து ஏறியபோது கீழே ‘மடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. என் பின்கழுத்து சிலிர்த்தது. குளிர் என்று குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். சாப்பாட்டில் உட்கார்ந்ததும் என் மனைவி என் கையை முகர்ந்தாள்.

“யார் வீட்டுக்குப் போயிட்டு வர்ற?”

“வாஞ்ஜா அம்மா வீட்டுக்கு.”

“தெரியுது” என்றாள். தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

மதியம் வாஞ்ஜா அம்மா தேவாலயத் தொப்பியோடு அப்படியே நுழைவாயிலுக்கு இறங்கி வந்தார். அவர் வீட்டுச் சுவரோரக் குழியில் அதற்குள் கோழிகள் மண் குளிக்கத் தொடங்கியிருந்தனவாம். நான் இடமாற்ற உத்தரவின் பிரதியை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் செடியைப் பார்த்தார்.

“வேர் மண்ணோட எடுத்தீங்களா?”

“தீர்மானத்துல மண் பத்தி ஒண்ணும் இல்லீங்க.”

“தாங்காதுன்னு சொன்னேனே.”

“தாங்கும். தலைவர் முழு நம்பிக்கை தெரிவிச்சிருக்கார்.”

“யாருகிட்ட தெரிவிச்சார்? செடிகிட்டயா?” அவர் ஓர் இலையை இரண்டு விரலால் பிடித்து விட்டார். அது தொங்கியது. “ரோஜாவுக்கு எத்தனையோ பூச்சி வரும் கிபூச்சி. நீதான் பெரிசு. மருந்தடிக்கவும் வழியில்ல.”

திரும்பி மேலே ஏறிப் போனார். வழியெல்லாம் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கித் தொப்பிக்குள் போட்டுக்கொண்டே போனார். நான் ஒடித்து, குன்றிறங்கும்போது வழியெல்லாம் எறிந்த கிளைகள். நல்ல துணி சேற்றில் புரள்வதைக்கூட அவர் கவனிக்கவில்லை. குப்பையை அகற்றியதற்காக அவருக்கு நன்றி தெரிவித்துக் குறிப்பு எழுதினேன்.

புதன்கிழமை செடி நீண்ட விடுப்பில் போனது.

வியாழக்கிழமை நடுவர்கள். தலைவர் தளரவில்லை. காலையிலேயே கீழே இறங்கிப்போய், கடையிலிருந்து ஒரு கட்டு அடர்சிவப்பு ரோஜா வாங்கி வந்தார். டையோடு ஒப்பிட்டார். அச்சு அசல். பச்சை நூலால் பதினொரு பூவை நானே காய்ந்த கிளைகளில் கட்டினேன். தள்ளி நின்று பார்த்தால், உயிருள்ள செடியைவிட ஒழுங்காக இருந்தது. பூக்களுக்கு நடுவே சம இடைவெளி இருந்தது. இயற்கைக்கு இதெல்லாம் வராது.

நடுவர் குழுவின் தலைவி திருமதி ஜெப்தூ, ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கினார். குடியிருப்பே கூடி நின்றது. அவர் குனிந்து ஒரு பூவை முகர்ந்தார்.

“வாசனையே இல்லையே?”

“ஒழுக்கமான பூங்க” என்றார் தலைவர்.

திருமதி ஜெப்தூ பூவை லேசாகத் தொட்டார். அது அவர் கையோடு வந்துவிட்டது. ஒபுயாவுக்கு இருமல் வந்தது.

“விருந்தாளிங்க கை பட்டா தானாவே வந்துடும். அப்படிப் பழக்கி வச்சிருக்கோம்” என்றார் தலைவர்.

“இந்த நூல்?”

“அதான் எங்க கட்டுப்பாடு.”

திருமதி ஜெப்தூ கூட்டத்தைப் பார்த்தார். எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியதைக் கவனித்தாரோ என்னவோ, நேராக வாஞ்ஜா அம்மாவிடம் கேட்டார். “இத நீங்கதான் வளர்த்தீங்களா?”

ஒரு வார்த்தை போதும். வாஞ்ஜா அம்மா நடுவரின் கையில் கிடந்த பூவைப் பார்த்தார், கீழே சரிந்து கிடந்த சேற்றுப் பாதையைப் பார்த்தார், பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார்.

“இந்தப் பூவ நான் வளக்கலம்மா” என்றார். அது முழு உண்மை.

அதன்பின் நடுவர்கள் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து, எண்ணெயில் பொரித்த மண்டாசியும் டீயுமாக இரண்டு மணி நேரம் பதினொரு கோப்புகளையும் படித்தார்கள். வருகைப் பதிவேட்டைக் கண்டு ஒரு நடுவர் கண் கலங்கினார். முதல் பரிசு எங்களுக்கே. ‘ஆவணப்படுத்தப்பட்ட அழகு’ என்று சான்றிதழில் எழுதியிருக்கிறது.

சாலையைத் தலைவர் தாமே நாடாவைப் பிடித்து அளந்தார். கீழே தார்ச் சாலையில் தொடங்கி, மிகச் சரியாக இருநூறாவது மீட்டரில் அவர் வீட்டு வாசல் வந்தது. எடை அளவுத் துறையில் இருந்தவர். ஒரு சென்டிமீட்டர் வீணாகவில்லை.

“ரெண்டாவது கியர் போடறதுக்குள்ள ரோடு தீந்துடுது” என்றார் ஒபுயா. பிறகு வாஞ்ஜா அம்மாவிடம் கேட்டார்: “அன்னைக்கு ஏங்க சும்மா இருந்தீங்க?”

“ரோடு மேல வரைக்கும் வரும்னு நெனச்சேன்” என்றார் அவர்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வாஞ்ஜாவுக்கு வலி எடுத்தது. பனிமூட்டம், வழுக்குச் சேறு. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தார் தொடங்கும் இடம் வரை நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நாற்காலியின் ஒரு காலை நான் பிடித்தேன். வழுக்கிய இடத்திலெல்லாம் வாஞ்ஜா என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, என் பிறப்பு முதல் பதவி வரை எல்லாவற்றையும் திட்டினாள். அதை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. பெண் குழந்தை. இருவரும் நலம். சங்கம் வாழ்த்து அனுப்பியது.

நவம்பரில்தான் பெரும் சோதனை வந்தது. ஒரு நாள் காலையில் குன்று முழுவதும் அந்த வாசனை. கிராம்பும் கொய்யாவும். தலைவர் விசிலோடு வெளியே ஓடி வந்தார். வாசனையைப் பிடித்துக்கொண்டே மேலே போனோம். வாஞ்ஜா அம்மா அன்று பொறுக்கிக்கொண்டு போன கிளைகளை மணலில் குத்தி, மேலே கண்ணாடிச் சாடி கவிழ்த்து வைத்திருக்கிறார். பதினாலில் மூன்று பிழைத்துவிட்டன. மூன்றும் பூத்திருந்தன. சுவரோரம் வெண்ணெய்ப்பழ மர நிழலில் அவர் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தையின் மூக்கு மட்டும் அசைந்தது.

தலைவர் முகம் டையின் நிறத்துக்கு வந்தது. “இது சங்கத்தோட செடி! பரிசு வாங்கின செடி! இதோட கிளைய யாரக் கேட்டு எடுத்தீங்க?”

“கீழ கெடந்துச்சு” என்றார் வாஞ்ஜா அம்மா.

“கீழ கெடந்தா எடுத்துடறதா? திருட்டு!”

சங்கம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ‘சங்கச் சொத்தான ரோஜாச் செடி அதன் இடத்திலிருந்து களவாடப்பட்டது’ குறித்து உடனே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் முவானிகி, செயலாளர் நான். எங்களைவிட விஷயம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பதால்தான். இதுவரை ஆறு அமர்வுகள். நடுநிலைமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று தெரியவில்லை.

ஆறாவது அமர்வில் வாஞ்ஜா அம்மா அழைக்கப்பட்டார். குழந்தையைத் தோளில் சாத்தியபடி வந்து உட்கார்ந்தார்.

“செடிய அது இருந்த எடத்துலேருந்து பேத்தெடுத்தது யாரு? பயப்படாம சொல்லுங்க” என்றார் தலைவர்.

வாஞ்ஜா அம்மா கையை மட்டும் நீட்டிக் காட்டினார். காட்டிக்கொண்டே இருந்தார். வாசலில் நின்ற ஒபுயா சிரித்தே விட்டார்.

நான் தலை குனிந்து, எப்போதும் போல் நடந்ததை நடந்தபடி பதிவு செய்தேன்: ‘உறுப்பினர் செயலாளரின் நாற்காலி இருக்கும் திசையைச் சுட்டினார். அந்த நாற்காலிக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது. சுவரிடம் விசாரணை தொடர்கிறது.’